நொறுக்கிவிட்டதாகச் சொன்ன கார் திரும்பி வந்தால்: மசில் கார் புரோட்டோடைப் அசல்தானா என்று பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஃபோர்டு மஸ்டாங்குகளை வேகக் கார்களாக மாற்றி விற்ற ஷெல்பி நிறுவனம், 1967-ல் சோதனைக்கென்று ஒரு சிவப்பு மஸ்டாங் வைத்திருந்தது. இப்படிச் சோதித்துப் பார்க்கச் செய்யும் காரைத்தான் புரோட்டோடைப் என்பார்கள். அந்த வருடத்து ஷெல்பி கார்களெல்லாம் கூரை சரிந்து இறங்கும் ஃபாஸ்ட்பேக். இது மட்டும் டிக்கி தனியாகத் தெரியும் சாதாரண கூப். பெயர் லிட்டில் ரெட். சோதனை முடிந்ததும் அதை நொறுக்கிவிட்டார்கள் என்றுதான் ஐம்பது வருடமாக எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நம்பாமல் தேடிய சிலருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. காரணம் எளிது: அவர்கள் ஷெல்பி நிறுவனம் கொடுத்த சீரியல் நம்பரை வைத்துத் தேடினார்கள். 2018-ல் ஏலக்காரர் கிரெய்க் ஜாக்சனும் பழைய கார்களைச் சீரமைக்கும் ஜேசன் பில்லப்ஸும் அதற்கு முந்தைய நம்பரை, அதாவது ஃபோர்டு தொழிற்சாலை போட்ட நம்பரை, எடுத்துப் பதிவேடுகளில் தேடினார்கள். கார் வடக்கு டெக்சாஸில் வெட்டவெளியில் துருவேறி நின்றுகொண்டிருந்தது.

இந்த ஒரு கதையிலேயே பாதி பாடம் இருக்கிறது. மீதிப் பாதி என்னவென்றால், இப்படி ஒரு கார் கிடைத்த செய்தி வந்தவுடன் "எங்கள் கொட்டகையிலும் ஒன்று இருக்கிறது" என்று பத்துப் பேர் கிளம்புவார்கள். அவர்களில் யார் சொல்வது நிஜம் என்று பார்க்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆரம்பிக்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மசில் காரை, அதாவது பெரிய எஞ்சின் வைத்த அந்தக் கால அமெரிக்க வேகக் காரை, சோதிக்கும்போது "ரெக்கார்டும் காரும் பொருந்துகிறதா?" என்று கேட்கிறோம். பொருந்தினால் அசல். புரோட்டோடைப்பில் அது அப்படியே தலைகீழ். ரெக்கார்டுடன் பொருந்தாமல் இருப்பதால்தானே அது புரோட்டோடைப்! ஆகவே கேள்வி இப்படி மாறுகிறது: ஏன் பொருந்தவில்லை? அந்தப் பொருந்தாமையை அன்றைக்கே யாராவது எங்காவது எழுதி வைத்தார்களா, படம் எடுத்தார்களா? மோசடிக்காரருக்கும் இதே இடம்தான் வசதி. எது பொருந்தாவிட்டாலும் "அது புரோட்டோடைப் சார், அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிடலாம்.

படி 1: என்ன வகை என்று சொல்ல வையுங்கள்

விற்பவர் "புரோட்டோடைப்" என்றதும் தலையாட்டிவிடாதீர்கள். அந்த ஒரு சொல்லுக்குள் நாலைந்து விதமான கார்கள் ஒளிந்திருக்கின்றன.

மியூல் என்பது பொறியாளர்கள் வெட்டி ஒட்டிப் பார்த்த கார். கிரைஸ்லரின் டிசி-93 நல்ல உதாரணம். சார்ஜர் 500 ஆகப் பிறந்து, பின்னால் உயரமான இறக்கையும் முன்னால் நீண்ட மூக்கும் மாட்டி டேடோனா என்ற மாடலாக மாறியது. 1970 மார்ச் 24 அன்று டாலடேகா ஓடுதளத்தில் பட்டி பேக்கர் அதை மணிக்கு 200.447 மைல் வேகத்தில் ஓட்டினார். அதன் பிறப்புக் காகிதத்தில் டேடோனா என்று இருக்காது. இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பைலட் கார் வேறு. உற்பத்தி தொடங்கும் முன் அசெம்பிளி லைன் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கச் செய்தது. செவர்லே கமாரோவுக்கு ஒஹாயோ மாநிலம் நார்வுட் ஆலையில் 1966-ல் 49 பைலட் கார்கள் செய்தார்கள். அவற்றில் 100001 என்று முடியும் முதல் கார் இன்றும் இருக்கிறது. அதில் இருப்பது ஆறு சிலிண்டர் எஞ்சின்! முதல் கமாரோ என்றால் உறுமும் வி-8 இருக்கும் என்று நினைப்பவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

பிரஸ் கார் பத்திரிகைக்காரர்கள் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தது. ஷோ கார் கண்காட்சிக்குச் செய்தது. சில சமயம் உள்ளே ஓடும் பாகங்களே முழுமையாக இருக்காது.

அப்புறம் "ஒன் ஆஃப் ஒன்" என்று ஒரு ரகம். இது புரோட்டோடைப்பே அல்ல. இந்தப் பெயின்ட், இந்த சீட் துணி, இந்த ரேடியோ, இந்த ஆக்ஸில் நான்கும் சேர்ந்து ஒரே ஒரு காரில்தான் வந்தது என்று கணக்கு காட்டுவார்கள். கணக்கு சரியாகவே இருக்கும். வேறு யாருக்கும் அந்தச் சேர்க்கை பிடிக்கவில்லை என்றும் அதற்கு அர்த்தம் இருக்கலாமே!

விற்பவர் இதில் எது என்று தெளிவாகச் சொல்லட்டும், எழுத்திலேயே தரட்டும். பாதி வழியில் மியூல் ஷோ காராகவும், ஷோ கார் பிரஸ் காராகவும் மாறினால் அங்கேயே விடைபெறலாம்.

படி 2: தொழிற்சாலை நம்பரைக் கண்டுபிடியுங்கள்

நாம் சேசிஸ் நம்பர் என்பதை அமெரிக்காவில் வின் என்பார்கள். இன்றைய 17 எழுத்து நம்பர் 1981 மாடலில்தான் வந்தது. மசில் கார் காலத்தில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு முறை. அது உங்களுக்கு எவ்வளவு சொல்லும் என்பதும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

கிரைஸ்லர் தாராளமாகச் சொல்லும். அதன் பிளிமத் பிராண்டில் வந்த 1971 ஹெமி குடா கன்வர்ட்டிபிளின் (கூரையை மடிக்கக்கூடிய கார்) நம்பர் பிஎஸ்27ஆர்1பி என்று தொடங்கும். 27 கன்வர்ட்டிபிள், ஐந்தாவதாக வரும் ஆர் 426 ஹெமி எஞ்சின், 1 வருடம், பி ஹாம்ட்ராமிக் ஆலை. ஐந்தாவது எழுத்து ஆர் இல்லையென்றால், உள்ளே எவ்வளவு அழகான ஹெமி இருந்தாலும் அது பிறகு மாட்டியது. இப்படி ஒரு கார் 2014-ல் 35 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்த ஒரு எழுத்தை மாற்ற ஏன் சிலருக்குக் கை அரிக்கிறது என்று புரிகிறதல்லவா?

செவர்லே வாயே திறக்காது. 1969 கமாரோவின் 124379என் என்ற தொடக்கத்திலிருந்து வி-8, கூப், வருடம், நார்வுட் ஆலை, இவ்வளவுதான் தெரியும். அது இசட்/28 என்ற வேக ரகமா, சாதாரணக் காரா என்று நம்பர் சொல்லாது. அதனால்தான் போலி கமாரோக்கள் இவ்வளவு பெருகின.

டேஷ்போர்டில் தெரியும் தகட்டோடு நின்றுவிடாதீர்கள். இரண்டு ரிவெட் கழற்றினால் அது கையோடு வந்துவிடும். உடம்பில் அடித்த நம்பர்தான் முக்கியம். மஸ்டாங்கில் முன் ஃபெண்டருக்கு அடியில், உள் ஏப்ரன் தகட்டில் அடித்திருப்பார்கள். ஃபெண்டரைக் கழற்றினால்தான் முழுதாகத் தெரியும். முதல் தலைமுறை கமாரோவில் எஞ்சினையும் உட்புறத்தையும் பிரிக்கும் ஃபயர்வால் தகட்டில், ஹீட்டர் மோட்டார் மறைக்கும் பகுதியில் ஒன்று இருக்கும். கிரைஸ்லர் கார்களில் ரேடியேட்டர் தாங்கும் தகட்டிலும் டிக்கி ஓர விளிம்பிலும் பாருங்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸில் சேசிஸ் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பார்களே, அதே வித்தை இங்கேயும் எடுபடும். எல்லா இடத்திலும் தேய்த்து எடுத்து, எழுத்துகளின் உயரம், சாய்வு, இடைவெளி ஒத்துப்போகிறதா என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம்பரைச் சுற்றி வெல்டிங் கோடு இருந்தால், அந்தத் துண்டு வேறு காரிலிருந்து வெட்டி வந்தது.

புரோட்டோடைப்புக்கு இரண்டு நம்பர் இருப்பது சகஜம். தொழிற்சாலை போட்டது ஒன்று, மாற்றம் செய்த நிறுவனம் போட்டது ஒன்று. லிட்டில் ரெட் விஷயத்தில் பார்த்தபடி, அரசுப் பதிவேட்டில் இருப்பது எது என்று முன்கூட்டியே தெரியாது. இரண்டையும் வைத்துத் தேடுங்கள். குறைந்த நம்பர் என்றால் முதலில் செய்தது என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃபோர்டில் நம்பர் வரிசையும் காரைக் கட்டிய வரிசையும் ஒன்றல்ல.

படி 3: நிறுவனத்துக் காகிதம்

ஃபோர்டு என்றால் வேலை சுலபம். 1967 மாடல் முதல் உள்ள தயாரிப்புத் தரவுகள், ஃபோர்டின் உரிமம் பெற்ற கெவின் மார்ட்டியிடம் இருக்கின்றன. நம்பரைக் கொடுத்தால் அந்தக் கார் என்ன நிறத்தில், என்ன எஞ்சினோடு, எந்த மாவட்ட விற்பனை அலுவலகத்துக்கு ஆர்டர் ஆனது என்று அறிக்கை வரும். அந்த மாவட்டக் குறியீட்டைக் கவனியுங்கள். 84 என்று இருந்தால் தலைமை அலுவலகத்துக்கு ஒதுக்கியது. அது புரோட்டோடைப் என்பதற்கு ஆதாரம் ஆகாது. ஆனால் மேலே தோண்டிப் பார்க்க ஒரு காரணம்.

பான்டியாக் கார்களுக்கு பிஹெச்எஸ் என்ற சேவை 1961 முதல் உள்ள விலைப்பட்டியல் நகல்களைத் தருகிறது. செவர்லே பாவம். அமெரிக்காவில் விற்ற கார்களுக்கு அப்படி ஒரு முழுப் பதிவேடு கிடைப்பதில்லை. கனடாவில் விற்றவற்றுக்கு, செவர்லேயின் தாய் நிறுவனமான ஜிஎம்மின் கனடா கிளை ஆவணம் தருகிறது. கார்வெட் சங்கமான என்சிஆர்எஸ் மூலம் கார் எந்த டீலருக்குப் போனது என்ற அளவில் தெரிந்துகொள்ளலாம்.

கிரைஸ்லரில் பில்ட் ஷீட் என்ற காகிதம் காருக்குள்ளேயே ஒளிந்திருக்கும். பின் சீட்டின் ஸ்பிரிங்குக்கு அடியில், பெட்ரோல் டேங்க் மேல், கார்பெட்டுக்குக் கீழே. அசெம்பிளி லைனில் வேலை செய்தவர்கள் படித்துவிட்டு அங்கேயே செருகிவிட்டார்கள். எலி கடித்து, பழுப்பேறி, ஸ்பிரிங் கம்பியின் துரு சுருள் சுருளாகப் படிந்து வரும். அந்தத் துருக்கோடு உங்கள் காரின் ஸ்பிரிங் வளைவோடு பொருந்துகிறதா என்று வைத்துப் பாருங்கள். காகிதம் மொடமொடவென்று சுத்தமாக வந்தால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். நம்பரையும் படியுங்கள், பக்கத்துக் காரின் ஷீட் தவறிப்போய் இந்தக் காரில் விழுந்த கதைகளும் உண்டு.

பெரும்பாலும் இந்தக் காகிதங்கள் எதிலும் "இது புரோட்டோடைப்" என்று எழுதியிருக்காது. தொழிற்சாலையைப் பொறுத்தவரை அது சாதாரணக் காராகத்தான் வெளியே போனது. மாற்றங்கள் பிறகு வேறொரு பட்டறையில் நடந்தன. ஆகவே இங்கே தேடுவது அந்த மாற்றங்களை அல்ல, அவை தொடங்கிய இடத்தை.

படி 4: தேதிகள்

இதுதான் எனக்குப் பிடித்த வேலை. கை அழுக்காகும், ஆனால் பொய் சொல்ல வழியில்லை. இருந்தாலும் மிகக் குறைவு.

வார்ப்பு இரும்பில் தேதி இருக்கும். செவர்லே எஞ்சினில் "சி 14 9" என்று இருந்தால் ஆங்கில வரிசையில் மூன்றாவது எழுத்து சி, அதாவது மார்ச், 14-ம் தேதி, 1969. வார்த்த பிறகு எஞ்சினைக் கூட்டிய தேதி இன்னொரு இடத்தில் அடித்திருக்கும். வலது பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் ஒரு சிறிய தட்டையான மேடை. அதில் "வி0312டிஇசட்" போல இருந்தால் பிளின்ட் ஆலை, மார்ச் 12, 1969 இசட்/28-இன் 302 எஞ்சின். சரி, இப்போது மேலே சொன்ன இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். மார்ச் 14-ல் வார்த்த எஞ்சினை மார்ச் 12-ல் எப்படிக் கூட்டினார்கள்? இவ்வளவு எளிதான தப்பைக்கூடச் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

கெட்டிக்காரர்கள் அப்படி மாட்ட மாட்டார்கள். அவர்களைப் பிடிக்க அந்த மேடையையே உற்றுப் பார்க்க வேண்டும். ஆலையில் அதை இழைத்த இயந்திரம் நெருக்கமான, இணையான, மெல்லிய கீறல்களை விட்டுப்போகும். புது எழுத்து அடிக்க வேண்டுமென்றால் பழையதை ராவித் தேய்க்க வேண்டும். அப்போது அந்தக் கீறல்களும் போய்விடும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். கீறல்கள் எழுத்தின் அடியிலும் ஒரே சீராக ஓடினால் நல்லது. மேடை கண்ணாடிபோல வழவழவென்று இருந்தாலோ, கீறல்கள் வட்டமாகச் சுழன்றாலோ, யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

புரோட்டோடைப்பில் இன்னொரு சுவாரஸ்யம் உண்டு. ஃபோர்டின் சாதாரணப் பாக எண் சி8 என்று தொடங்கினால் 1968-க்காக வடிவமைத்தது. சோதனைப் பாகங்களில் எக்ஸ்இ என்று தொடங்கும் எண்கள் வரும். ஜிஎம் சோதனை வார்ப்புகளில் பூஜ்யமும் ஒரு கோடும் முன்னால் நிற்கும். இப்படி ஒன்று கிடைத்தால் மனசு துள்ளும். ஆனால் பாகத்தைத் தனியாகவும் வாங்கலாம், ஒரு சாதாரணக் காரில் மாட்டவும் செய்யலாம். அது உட்கார்ந்திருக்கும் தாங்கியும் அதற்காகத் துளைத்த ஓட்டைகளும் அதே வயதுடையவையா என்று பார்க்காமல் துள்ளாதீர்கள்.

படி 5: கைவேலையின் தழும்புகள்

புரோட்டோடைப்பின் சிறந்த சாட்சி அதன் அசிங்கம். பாதியில் கைவிட்ட ஓட்டைகள், அவசரமாக வைத்த வெல்டிங், எங்கும் போகாத ஒரு ஒயர். இவற்றைப் போலியாகச் செய்ய யாருக்கும் தோன்றாது.

1968-ன் கிரீன் ஹார்னெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இஎக்ஸ்பி500 என்று பெயரிட்ட இதுவும் கூப் உடம்புதான். ஷெல்பி பொறியாளர்கள் இதில் எலெக்ட்ரானிக் ஃபியூயல் இன்ஜெக்ஷனும், சக்கரங்கள் தனித்தனியாக அசையும் பின்பக்க சஸ்பென்ஷனும் பொருத்திப் பார்த்தார்கள். சோதனை முடிந்து வெளியே போகும்போது அந்த அதிசயங்களைக் கழற்றிவிட்டுச் சாதாரணப் பாகங்களை மாட்டி அனுப்பினார்கள். ஆக, இன்று காரில் தெரியும் சோதனைப் பாகங்களில் எது அன்றையது, எது பிறகு தேடிச் சேர்த்தது, எது புதிதாகச் செய்தது என்ற கேள்வி எப்போதும் இருக்கும். கார் அசல், பாகங்களைப் பற்றித்தான் பேச்சு. இந்த வித்தியாசம் முக்கியம். 2013-ல் ஏலத்தில் அதற்கு 18 லட்சம் டாலர் வரை கேட்டும், குறைந்தபட்ச விலையை எட்டாததால் விற்கவில்லை.

இதனால் ஒரு வேண்டுகோள்: சோதனை முடியும்வரை மணல் அடிக்காதீர்கள், பெயின்ட் சுரண்டாதீர்கள். அடைத்த ஓட்டையும் பழைய பெயின்ட் அடுக்குகளும்தான் உங்கள் கேஸ் கட்டு.

படி 6: பழைய படங்கள்

நிறத்தை வைத்து அடையாளம் காணாதீர்கள். 1962-ல் ஷெல்பி நிறுவனர் கரோல் ஷெல்பியிடம், அவருடைய கோப்ரா என்ற ஸ்போர்ட்ஸ் காரில் இருந்தது சிஎஸ்எக்ஸ்2000 என்ற ஒன்றே ஒன்று. பத்திரிகை ஒவ்வொன்றுக்கும் ஓட்டக் கொடுக்கும் முன் அதற்கு வேறு வேறு பெயின்ட் அடித்தார். படிப்பவர்களுக்குக் கோப்ராக்கள் வரிசையாக வந்துகொண்டிருப்பதுபோல இருக்கட்டும் என்றுதான்! ஒரே கார் நாலைந்து காராகத் தெரிந்தது. அந்தக் கார் 2016-ல் 1 கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விற்றது.

ஆகவே படத்தில் தேட வேண்டியது குறைகளை. பம்பர் கொஞ்சம் கோணலா? ஸ்டிக்கர் கோடு கதவு விளிம்பில் எத்தனை அங்குலம் தள்ளி நிற்கிறது? கையால் வெட்டிய காற்றுத் துளையின் மூலை எவ்வளவு வட்டம்? கையால் செய்தது இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது. அந்தச் சமமின்மை படத்திலும் காரிலும் ஒரே மாதிரி இருந்தால், நம்பருக்கு அடுத்தபடியான நல்ல சாட்சி கிடைத்துவிட்டது.

படி 7: ஆட்கள் சொல்வது

அன்றைக்கு வேலை செய்தவரைத் தேடிப் போய்க் கேட்பது நல்லதுதான். ஆனால் ஐம்பது வருட ஞாபகம் எவருக்கும் நழுவும். சிலருக்கு உண்மையைச் சொல்லாமலிருக்க அன்றே காரணம் இருந்தது. 1964 மார்ச்சில் கார் அண்ட் டிரைவர் பத்திரிகை பான்டியாக் ஜிடிஓவை ஓட்டிப் பார்த்து, அது மணிக்கு அறுபது மைலை 4.6 நொடியில் தொட்டதாக எழுதியது. கடையில் விற்ற ஜிடிஓவில் 389 கன அங்குல எஞ்சின். பத்திரிகைக்குப் போனதில் 421 இருந்தது என்று அந்த விளம்பர வேலையைப் பார்த்த ஜிம் வேங்கர்ஸே பல வருடம் கழித்து ஒப்புக்கொண்டார். அச்சில் வந்த பரிசோதனைகூட ஒரு சாட்சி மட்டும்தான், தீர்ப்பு அல்ல.

செய்தவரே சொன்னாலும் அப்படித்தான். 427 கோப்ராவுக்கு 1965-ல் ஒதுக்கிப் பயன்படாமல் கிடந்த 43 சேசிஸ்கள் தன்னிடம் இருப்பதாகக் கரோல் ஷெல்பி சொன்னார். லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் 1993-ல் தோண்டியபோது, நம்பர்தான் பழையது, சேசிஸ்கள் 1991-92-ல் புதிதாகச் செய்தவை என்று வெளிவந்தது. பழைய நம்பருக்கும் பழைய இரும்புக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை.

படி 8: கைமாறிய வழி

இதுவரை சொன்னது காரின் உடம்பு. இனி அதன் நடமாட்டம். தொழிற்சாலையிலிருந்து உங்கள் கை வரை யார் யாரிடம் இருந்தது? இடையில் எத்தனை வருடம் காணோம்? நொறுக்கச் சொன்ன கார் தப்பியிருந்தால் எப்படித் தப்பியது என்று ஒரு விளக்கமும், அதற்கு ஒரு காகிதமும் வேண்டும்.

பெருமையான ஆவணம்தான் வேண்டும் என்றில்லை. மஸ்டாங் III என்ற குட்டை மஸ்டாங்கின் கதை இது. டியர்பார்ன் ஸ்டீல் டியூபிங்கில் வேலை செய்த வின்ஸ் கார்ட்னர், 1964-ல் உற்பத்திக்கு முந்தைய ஒரு மஸ்டாங்கின் நீளத்தைக் குறைத்து, ஃபைபர்கிளாஸ் உடம்போடு இரண்டு சீட் காராகச் செய்தார். அதை அழிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஒரு கிடங்கில் மறைத்துவிட்டார். திருடு போனதாகப் புகார் எழுதி, இன்சூரன்ஸ் நிறுவனம் பணத்தையும் கொடுத்துவிட்டது. கிடங்கு வாடகை பாக்கி விழுந்தபோது கார் வெளிப்பட்டது. பணம் கொடுத்த இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கே சொந்தமாகி, அங்கிருந்து விற்பனைக்கு வந்தது. ஒரு திருட்டுப் புகாரும் ஒரு வாடகை பாக்கியும்தான் அந்தக் காரின் குலவரலாறு! 2015-ல் 5,11,500 டாலர்.

இன்னொரு பக்கம் ஷெல்பி ஜிடி350-இன் முதல் பந்தயக் கார், 5ஆர்002. பந்தய ஓட்டுநர் கென் மைல்ஸ் 1965 பிப்ரவரியில் டெக்சாஸில் அதை ஓட்டி ஜெயித்தார். நாலு சக்கரமும் தரையை விட்டு எழும்பிய அந்தப் புகழ்பெற்ற படம் அன்று எடுத்ததுதான். பிறகு மெக்சிகோ போய் மறைந்து, 1989-ல் மான்டெரேயில் கிடைத்தது. நம்பர், படம், போட்டிப் பதிவுகள் எல்லாம் சேர்ந்து நின்றதால் 2020-ல் ஏலத்தில் 35 லட்சம் டாலர் வரை போனது, கமிஷன் தனி.

படி 9: பணம் கொடுக்கும் முன்

அந்தந்தக் காருக்கான சங்கத்தின் பதிவேட்டை நடத்துபவரிடம் போங்கள். ஷெல்பி என்றால் எஸ்ஏஏசி என்ற ஷெல்பி அமெரிக்கன் ஆட்டோமொபைல் கிளப். அதே நம்பரில் இன்னொரு கார் இருப்பதாக முன்பே யாராவது சொல்லியிருந்தால் அவர்களுக்குத்தான் தெரியும். விற்பவர் கூட்டி வரும் நிபுணரையும் கேளுங்கள். அவருக்குக் கட்டணம் கொடுத்தது யார், கார் விற்றால் அவருக்குப் பங்கு உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

நம்பர் தகடு அசல், உடம்பு முழுக்க வேறு காருடையது என்றால் அது வெறும் விவாதம் அல்ல. வின் நம்பரைக் கழற்றுவதும் மாற்றுவதும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றமாகலாம், காரையே பறிமுதல் செய்யலாம். அந்த நிலையில் பேரம் பேசாமல் வக்கீலிடம் போங்கள்.

எல்லாம் திருப்தி என்றால் ஒப்பந்தத்தில் "புரோட்டோடைப்" என்று மட்டும் எழுத விடாதீர்கள். எந்த நம்பர் உள்ள உடம்பு, எந்தப் பட்டறையில் எந்த வருடம் மாற்றியது, எந்தெந்தப் பாகம் அன்றையது, எது பிறகு செய்தது என்று வரிசையாக எழுதச் சொல்லுங்கள். பென்சில் பிரிண்டுகளும் படங்களும் பின்னிணைப்பாக இருக்கட்டும், ஒவ்வொரு பக்கத்திலும் அவர் கையெழுத்து வேண்டும். "இவ்வளவு எதற்கு சார், நம்பிக்கைதானே" என்று அவர் இழுத்தால், டோக்கன் அட்வான்ஸைக்கூடப் பையிலிருந்து எடுக்காதீர்கள்.